பேக்கப் ஸ்கிரிப்ட் ஓடல, ஓடுது ஆனா காப்பி ஆகல, காப்பி ஆயிருச்சு ஆனா ஃபைல காணோம்: எதுக்கு எங்க பாக்கணும்

மதுரையில மாசி வீதிப் பக்கம், சிம்மக்கல், டவுன்ஹால் ரோடு, எந்தக் கடைக்குப் போனாலும் கிட்டத்தட்ட ஒரே செட்டப்புதான். முன்னாடி கல்லாவுல ஒரு பிசி, அதுல டேலி இல்லன்னா ஏதோ பில்லிங் சாஃப்ட்வேர், உள்ளயோ மாடியிலயோ ஒரு பழைய பிசி, நடுவுல ஒரு ரவுட்டர். ராத்திரி கடை சாத்துனதும் முன்னாடி இருக்கறத உள்ள ஒரு காப்பி எடுத்து வைக்க கமாண்ட் எழுதி வச்ச ஒரு சின்ன பேட்ச் ஃபைல் போதும், காசு குடுத்து எதுவும் வாங்கவேணாம், ஃபோல்டர காப்பி பண்ற ரோபோகாப்பிங்கற கமாண்ட் விஸ்டா காலத்துல இருந்து விண்டோஸ் கூடவே வருது. எழுதறது சுலபம். ஆனா அது ஒருநா நின்னுபோனா யாரும் கவனிக்க மாட்டாங்க, ஹார்ட் டிஸ்க் போன அன்னிக்குத்தான் தெரியும் பேக்கப் நின்னு மாசக்கணக்குல ஆச்சுன்னு. அதனால அறிகுறிய வச்சு எழுதுறேன், உங்க திரையில என்ன தெரியுதோ அந்த இடத்துக்கு நேரா போயிருங்க.

கமாண்ட எல்லாம் தமிழ் எழுத்துலயே எழுதிருக்கேன், நீங்க அடிக்கும்போது இங்கிலீஷ் எழுத்துல அடிச்சுக்கங்க. நான் வைக்கிற லைன் இதுதான்:

ரோபோகாப்பி "\\கடை\டேட்டா" "டி:\பேக்கப்\கடை" /ஈ /ஆர்:2 /டபிள்யூ:5 /எக்ஸ்ஜே /என்பி /யூனிலாக்+:"டி:\லாக்\கடை.லாக்"

கடைங்கறது முன்னாடி பிசியோட பேரு, டேட்டாங்கறது அதுல ஷேர் பண்ண ஃபோல்டர். /ஈ-ன்னா உள்ள இருக்கற எல்லா ஃபோல்டரையும் சேத்து எடு, /எக்ஸ்ஜே-ன்னா வேற இடத்துக்குத் திருப்பி விடற ஜங்ஷன் ஃபோல்டர விட்டுரு, /என்பி-ன்னா சதவீதம் காட்டாதே, யூனிலாக்-ங்கறது நடந்தத எழுதி வைக்கற லாக் ஃபைல், ஆர், டபிள்யூ ரெண்டையும் கீழ சொல்றேன். இந்த ஸ்கிரிப்ட் உள்ள இருக்கற பிசியில இருக்கணும், அங்க இருந்து இழுக்கணும். முன்னாடி பிசியில இருந்து உள்ள தள்ளக்கூடாது. ஏன்னு கடைசியில சொல்றேன், எனக்கு இதுல இதவிட முக்கியமான விஷயம் வேற இல்ல.

கருப்பு விண்டோ வந்த வேகத்துல மறைஞ்சுருது

டபுள் கிளிக் பண்ணி ஓட்டாதீங்க. கமாண்ட் ப்ராம்ப்ட்ட தனியா தொறந்து, அதுக்குள்ள ஸ்கிரிப்ட் பேர அடிச்சு ஓட்டுங்க, அப்பத்தான் எரர் மெசேஜ் கண்ணுல நிக்கும். நான் பாத்த வரைக்கும் ரெண்டு காரணம் அடிக்கடி வரும். ஒண்ணு, லாக் எழுதற ஃபோல்டர் இல்லவே இல்ல. ரோபோகாப்பி டெஸ்டினேஷன் ஃபோல்டர தானே உண்டாக்கிக்கும் ஆனா லாக் ஃபோல்டர உண்டாக்காது, அத நீங்கதான் முன்னாடியே போட்டு வைக்கணும். இன்னொண்ணு, கோட்டேஷன் குறிக்கு முன்னாடி பேக்ஸ்லாஷ். "டி:\பேக்கப்\" அப்படின்னு முடிச்சா அந்தக் கடைசி பேக்ஸ்லாஷ் கோட்டேஷன விழுங்கிரும், அதுக்கப்புறம் எழுதுன எல்லா ஆப்ஷனும் ஃபோல்டர் பேரோட ஒட்டிக்கும். கடைசி பேக்ஸ்லாஷ எடுத்துட்டா சரியாயிரும்.

மறையறதுக்குப் பதிலா லைன் நிக்காம ஓடிக்கிட்டே இருந்தா உங்க பேட்ச் ஃபைலுக்கு என்ன பேரு வச்சிருக்கீங்கன்னு பாருங்க. ரோபோகாப்பின்னே வச்சிருந்தா அது நிஜ ரோபோகாப்பிய கூப்பிடாது, தன்னையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கிட்டு கிடக்கும். பேர மாத்துங்க.

எரர் 53, நெட்வொர்க் பாத் கிடைக்கலங்குது

"தம்பி, நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு, நாங்க எதையும் தொடல"ம்பாங்க. நான் கேக்கற மொத கேள்வி, "அண்ணே, நடுவுல கரண்ட் போச்சா?" பராமரிப்புக்குன்னு கரண்ட நிறுத்துற நாளுக்கு மறுநாள் இந்த எரர் வந்தா, அனேகமா ஐபி அட்ரஸ் மாறிருக்கும். ரவுட்டர் அணைஞ்சு வரும்போது ஒவ்வொரு பிசிக்கும் புதுசா ஒரு நம்பர் குடுத்திருக்கலாம், உங்க ஸ்கிரிப்ட்ல பழைய நம்பர எழுதி வச்சிருந்தா அது யாருமே இல்லாத வீட்டுக் கதவத் தட்டிக்கிட்டு நிக்கும். ரவுட்டர் செட்டிங்ல போயி டிஹெச்சிபி ரிசர்வேஷன்ல அந்தப் பிசிக்கு ஒரே நம்பர நிரந்தரமா கட்டி வைங்க, இல்லாட்டி ஐபிக்கு பதிலா கம்ப்யூட்டர் பேரப் போடுங்க. நான் ரெண்டையும் செய்வேன்.

அப்பயும் 53-ன்னா வரிசையா இப்படிப் பாருங்க. முன்னாடி பிசி ஆன்ல இருக்கா, ஸ்லீப்புக்குப் போயிருச்சா? ராத்திரி 10 மணிக்கு பேக்கப் வச்சுட்டு 9 மணிக்கு கடை சாத்தும்போது மெயின் சுவிட்ச அணைச்சுட்டுப் போற கடைங்க ஏராளம், அங்கெல்லாம் நேரத்த மத்தியானத்துக்கு மாத்துறதத் தவிர வேற வழி கிடையாது. அடுத்து, உள்ள பிசியில இருந்து முன்னாடி பிசிய பிங் பண்ணுங்க, அதாவது பிங்ங்கற கமாண்ட அடிச்சு பதில் வருதான்னு பாருங்க. ஐபிக்கு பதில் வருது, பேருக்கு வரலன்னா பேரக் கண்டுபிடிக்கறதுலதான் கோளாறு. ஐபிக்கும் வரல, ஆனா ரெண்டு பிசியிலயும் இன்டர்நெட் வருதுன்னா, ரெண்டும் வேற வேற நெட்வொர்க்ல இருக்கான்னு பாருங்க. ஃபைபர்காரங்க குடுத்த பெட்டி ஒண்ணு, சிக்னல் பத்தலன்னு வாங்கி மாட்டுன ரவுட்டர் ஒண்ணு. ஒரு பிசி 192.168.1-லயும் இன்னொண்ணு 192.168.0-லயும் இருக்கும், இங்கிட்டு இருந்து அங்கிட்டு எட்டாது. ரெண்டாவது ரவுட்டர அக்சஸ் பாயிண்ட் மோடுக்கு மாத்திட்டா ரெண்டும் ஒரே நெட்வொர்க் ஆயிரும். கெஸ்ட் வைஃபையில ஒரு பிசி ஒட்டிக்கிட்டு இருந்தாலும் இதே கதைதான்.

பிங் வருது ஷேர் மட்டும் தொறக்கலன்னாலும், ஒரே நெட்வொர்க்ல இருந்தும் பிங்கே வரலன்னாலும் அனேகமா ஃபயர்வால். விண்டோஸ் அந்த நெட்வொர்க்க பப்ளிக்னு நெனச்சுக்கிட்டு இருக்கும், பிரைவேட்டா மாத்தி ஃபைல் ஷேரிங்க ஆன் பண்ணுங்க. ஷேரிங் போறது 445-ங்கற போர்ட்ல. அதுக்காக ஃபயர்வால மொத்தமா அணைக்காதீங்க, அணைச்சு வச்சிட்டா அப்புறம் யாருமே திரும்பப் போடறதில்ல.

எரர் 67 வந்தா அனேகமா பிசி வரைக்கும் போயிருச்சு, ஷேர் பேருதான் தப்பு. ஸ்பெல்லிங் பாருங்க.

எரர் 5, 1326, 1219: உள்ள விடமாட்டேங்குது

1326-ன்னா பேரோ பாஸ்வேர்டோ தப்பு. இங்க நெறைய பேர் மாட்டுறது பின் நம்பர்ல. பிசிய தொறக்க நாலு நம்பர் அடிக்கறீங்கள்ல, அது அந்தப் பிசிக்கு முன்னாடி உக்காந்து அடிச்சாத்தான் செல்லும், நெட்வொர்க் வழியா வரும்போது நிஜ பாஸ்வேர்டத்தான் கேக்கும். பாஸ்வேர்டே இல்லாம வச்சிருக்கற பிசின்னா இன்னும் மோசம், பாஸ்வேர்ட் இல்லாத அக்கவுண்ட்ட நெட்வொர்க் வழியா உள்ள விடக்கூடாதுங்கறது விண்டோஸோட வழக்கமான செட்டிங்.

முதலாளியோட அக்கவுண்ட்டப் போட்டுக் குழப்பிக்க வேணாம். முன்னாடி பிசியில பேக்கப்புக்குன்னே ஒரு தனி லோக்கல் யூசர் போடுங்க, பாஸ்வேர்ட் வைங்க, அவருக்கு டேட்டா ஃபோல்டர்ல படிக்க மட்டும் உரிமை குடுங்க. உள்ள பிசியிலயும் அதே பேர்ல அதே பாஸ்வேர்ட்ல ஒரு யூசர் போட்டு, ஸ்கிரிப்ட அவர் பேர்ல ஓட்டுங்க. பேரும் பாஸ்வேர்டும் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தா விண்டோஸ் எதுவும் கேக்காம உள்ள விட்டுரும், ஸ்கிரிப்ட்டுக்குள்ள பாஸ்வேர்ட எழுதி வைக்க வேண்டிய அவசியமே இருக்காது.

எரர் 5 வந்தா உரிமை பத்தல. ஷேரிங் டேப்ல ஒரு அனுமதி இருக்கு, செக்யூரிட்டி டேப்ல இன்னொண்ணு இருக்கு, ரெண்டுலயும் அந்த யூசர் இருக்கணும், ஒண்ணுல விட்டாலும் கதவு தொறக்காது. 1219 வந்தா அதே பிசிக்கு ஏற்கனவே வேற பேர்ல கனெக்ஷன் போட்டு வச்சிருக்கீங்க. நெட் யூஸ்னு அடிச்சா லிஸ்ட் வரும், அதுல அந்தப் பழைய கனெக்ஷன டெலிட் பண்ணிட்டு திரும்ப ஓட்டுங்க.

உள்ள பிசிக்குப் பதிலா ரவுட்டர்ல யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் சொருகி வச்சிருக்கறவங்களுக்கு: புது விண்டோஸ் போட்டதும் அது தொறக்கலன்னா, பழைய ரவுட்டர்கள் எஸ்எம்பி1-ங்கற பழைய முறையிலதான் பேசும், 2017-ல வந்த விண்டோஸ் 10 1709-ல இருந்து புதுசா போடற விண்டோஸ்ல அது வர்றதில்ல, வந்தாலும் பயன்படுத்தாம விட்டா தானா கழண்டுரும். விண்டோஸ் 11 ப்ரோவுல 24ஹெச்2-ல இருந்து பாஸ்வேர்ட் இல்லாத கெஸ்ட் ஷேரையும் விடாது. அந்த எஸ்எம்பி1-ஐ திரும்ப ஆன் பண்ணச் சொல்லி நெறைய பேர் வழி சொல்லுவாங்க, தயவுசெஞ்சு கேக்காதீங்க. 2017 மே மாசம் உலகம் பூரா பிசிகளப் பூட்டிப் பணம் கேட்ட வான்னக்ரை பரவுனதே அதுல இருந்த ஓட்ட வழியாத்தான், அதுக்கு மைக்ரோசாஃப்ட் ரெண்டு மாசம் முன்னாடி மார்ச்லயே சரிபண்ற அப்டேட் குடுத்திருந்தும், போடாத பிசிகள் மாட்டிக்கிச்சு. கணக்குப் பாதுகாக்கத்தான பேக்கப் எடுக்கறோம், அதுக்காக அந்தக் கதவத் தொறக்கக் கூடாது.

ஓடிக்கிட்டே இருக்கு, நகரவே மாட்டேங்குது

லாக்க தொறந்து பாருங்க, எரர் 32 இருக்கும், ஃபைல வேற ஒருத்தர் தொறந்து வச்சிருக்காங்கன்னு அர்த்தம். ரோபோகாப்பிக்கு நீங்க எதுவும் சொல்லலன்னா ஒரு ஃபைல் கிடைக்கலன்னதும் 30 செகண்ட் காத்திருந்து திரும்ப முயற்சி பண்ணும், அப்படி 10 லட்சம் தடவ. கணக்குப் போட்டா ஒரே ஃபைலுக்கு கிட்டத்தட்ட 347 நாள். அதனாலதான் மேல ஆர்:2, டபிள்யூ:5-ன்னு போட்ருக்கேன், ரெண்டு தடவ, அஞ்சு செகண்ட் இடைவெளி, கிடைக்கலன்னா லாக்ல எழுதிட்டு அடுத்ததுக்குப் போ.

ஆனா அதோட விஷயம் முடியல, ஏன்னா அந்தத் தொறந்து கிடந்த ஃபைல்தான் உங்களுக்கு வேணும். டேலி ஓடிக்கிட்டு இருக்கும்போது அந்தக் கம்பெனி ஃபோல்டர காப்பி அடிச்சா காப்பி ஆனாலும் அத நம்ப முடியாது, பாதி பழசு பாதி புதுசுன்னு கலந்து வரலாம். சாயங்காலம் டேலிக்குள்ளயே பேக்கப் எடுத்து அந்த பேக்கப் ஃபைல நம்ம ஷேர்ல போடச் சொல்லுங்க, ஸ்கிரிப்ட் அத எடுத்துக்கட்டும். மெயில சேத்து வைக்கற அவுட்லுக் பிஎஸ்டி ஃபைலுக்கும் அப்படித்தான், அவுட்லுக்க மூடிட்டுத்தான் எடுக்கணும்.

கையில ஓட்டுனா ஓடுது, ஷெட்யூல்ல ஓடல

இசட் டிரைவ்னு மேப் பண்ணி அதையே ஸ்கிரிப்ட்ல எழுதிருக்கீங்களா? மேப் பண்ண டிரைவ் நீங்க லாகின் பண்ணிருக்கற அந்த செஷனுக்கு மட்டும்தான், குறிச்ச நேரத்துல ஸ்கிரிப்ட ஓட்டற டாஸ்க் ஷெட்யூலர் தனியா ஓட்டும்போது அங்க இசட்டே கிடையாது. எப்பவும் ரெண்டு பேக்ஸ்லாஷ் போட்டு பிசி பேரோட முழுப் பாதைய எழுதுங்க.

அடுத்து டாஸ்க்ல, யூசர் லாகின் பண்ணலன்னாலும் ஓட்டுன்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அதுக்குக் கீழ பாஸ்வேர்ட சேமிக்காதேன்னு ஒரு டிக். அத டிக் பண்ணிட்டா டாஸ்க் ஓடும் ஆனா நெட்வொர்க்க தொட முடியாது, லோக்கல் பிசிக்குள்ள மட்டும்தான். டிக்க எடுங்க. சிஸ்டம் அக்கவுண்ட்ல ஓட்டறவங்களும் இங்கதான் முட்டிக்குவாங்க. உள்ள லேப்டாப் வச்சிருக்கீங்கன்னா, சார்ஜர்ல இருந்தா மட்டும் ஓட்டுங்கற கண்டிஷன் தானாவே ஆன்ல இருக்கும், அதையும் பாருங்க. நேரம் தவறிப்போனா சீக்கிரமே ஓட்டுங்கற ஆப்ஷன கண்டிப்பா போடுங்க, நம்ம ஊர் கரண்ட்டுக்கு அது ரொம்ப அவசியம்.

கடைசி ரிசல்ட் 0எக்ஸ்1-ன்னு காட்டுதுன்னு பயந்து போயி கேப்பாங்க. பயப்பட ஒண்ணுமில்ல. மத்த புரோகிராமுக்கு ஜீரோன்னா நல்லது, ஒண்ணுன்னா கோளாறு. ரோபோகாப்பிக்கு அப்படி இல்ல, 0-ன்னா காப்பி பண்ண எதுவும் இல்ல, 1-ன்னா காப்பி பண்ணிருக்கு, 2-ன்னா அந்தப் பக்கம் கூடுதலா ஃபைல் இருக்கு, 3-ன்னா ரெண்டும். 8-ம் அதுக்கு மேலயும் வந்தாத்தான் சில ஃபைல் வரல, 16-ன்னா வேலையே நடக்கல. ஸ்கிரிப்ட் முடிவுல இஃப் எரர்லெவல் 8-ன்னு ஒரு லைன் போட்டு, அப்ப மட்டும் டெஸ்க்டாப்ல பேக்கப் தோல்வின்னு ஒரு ஃபைல் உண்டாக்கச் சொல்லுங்க. அந்த இஃப், 8-க்கு சமமாவோ கூடவோ இருந்தா புடிச்சுக்கும். ரோபோகாப்பி லைனுக்கு அடுத்த லைனாவே அத வைங்க, நடுவுல வேற கமாண்ட் வந்தா அந்த நம்பர் மாறிரும்.

தினமும் எல்லாத்தையும் மொதல்ல இருந்து காப்பி பண்ணுது, இல்லன்னா புதுச விட்டுருது

டெஸ்டினேஷன் எஃப்ஏடி32 டிஸ்க்கா இருந்தா அது நேரத்த ரெண்டு செகண்ட் கணக்குலதான் எழுதும், அதனால ஃபைல் மாறிருச்சுன்னு தப்பா நெனச்சுக்கும். /எஃப்எஃப்டி சேத்தா சரியாகும். ஆனா அதவிட டிஸ்க்க என்டிஎஃப்எஸ்ஸா மாத்துறதுதான் நல்லது, எஃப்ஏடி32-ல 4 ஜிபிக்கு மேல ஒரு ஃபைல் ஏறாது. சித்திரைத் திருவிழா முடிஞ்சு அழகர் ஆத்துல எறங்குன வீடியோவ எடிட் பண்ணி ஏத்துற ஸ்டூடியோக்காரங்களுக்கு இது நேரா தெரியும், சின்ன போட்டோ எல்லாம் போயிருக்கும், பெரிய வீடியோ மட்டும் இருக்காது.

புதுச விட்டுருச்சுன்னா முன்னாடி பிசியோட தேதியப் பாருங்க. தேதிய நினைவுல வைக்கற சிமாஸ் பேட்டரி தீந்த பிசியில கரண்ட் போகும்போதெல்லாம் தேதி பல வருஷம் பின்னாடி போயிரும், அன்னிக்கு எழுதுன ஃபைல் எல்லாம் பழசு மாதிரி தெரியும், /எக்ஸ்ஓ போட்டிருந்தா ஸ்கிரிப்ட் அத தள்ளிட்டுப் போயிரும். சிஆர்2032 காசு பேட்டரி ஒண்ணு மாத்துனா தீந்துச்சு.

பேக்கப் ஃபோல்டர் கண்ணுக்கே தெரியல

லாக்ல காப்பி ஆச்சுன்னு இருக்கு, டிஸ்க்ல இடமும் கொறஞ்சிருக்கு, ஆனா ஃபோல்டர காணோம். ஒரு டிரைவோட மேல் மட்டத்தையே, டி டிரைவ் முழுசும்னு சோர்ஸா குடுத்தா, அந்த டிரைவோட ஒளிஞ்சிருக்கற குணம் டெஸ்டினேஷன் ஃபோல்டருக்கும் ஒட்டிக்கும். அட்ரிப் -எஸ் -ஹெச்-ன்னு போட்டு ஃபோல்டர் பாதையக் குடுங்க, வந்துரும். அடுத்த தடவைக்கு /ஏ-:எஸ்ஹெச் சேத்துக்கங்க.

தமிழ்ல பேரு வச்ச ஃபைல் லாக்ல கேள்விக்குறியா வந்தா ஃபைலுக்கு ஒண்ணும் ஆகல, லாக்கோட எழுத்துமுறைதான் பிரச்சனை, அதுக்குத்தான் வெறும் லாக்குக்குப் பதிலா யூனிலாக் போட்ருக்கேன். ஸ்கிரிப்ட்டுக்குள்ளயே தமிழ் ஃபோல்டர் பேர எழுதறவங்க மேல சிஹெச்சிபி 65001-ன்னு ஒரு லைன் போட்டு, ஃபைல யூடிஎஃப்-8-ஆ சேவ் பண்ணுங்க, சேவ் பண்ணும்போது பிஓஎம்-ங்கற முன்குறி இல்லாத வகையத் தேர்ந்தெடுங்க.

ரொம்ப மெதுவா போகுது

செகண்டுக்கு 11, 12 எம்பிக்கு மேல ஏறவே மாட்டேங்குதுன்னா லிங்க் 100 எம்பிபிஎஸ்ல நிக்குது. 100 ஜிபி வீடியோவுக்கு ரெண்டர மணி நேரம் ஆகும். ஜிகாபிட்டுக்கு கேபிள்ல எட்டுக் கம்பியும் நல்லா இருக்கணும், பழைய கட்டடங்கள்ல சீலிங் மேல போற கேபிள எலி கடிச்சு ஒரு கம்பி போனாலே 100-க்கு எறங்கிரும். வேற கேபிள தரையில போட்டு சோதிச்சுப் பாருங்க.

பேக்கப்புல இருந்த ஃபைல் அழிஞ்சிருச்சு, இல்லன்னா எதுவும் தொறக்க மாட்டேங்குது

மொதல்ல அந்த டாஸ்க்க டிஸேபிள் பண்ணுங்க. அடுத்த ஓட்டம் ஓடக்கூடாது. அப்புறம் அந்த டிஸ்க்ல எதையும் எழுதாதீங்க, அழிஞ்ச ஃபைல ரிக்கவரி சாஃப்ட்வேர் வச்சு எடுக்க அப்பத்தான் வாய்ப்பு இருக்கும்.

ஸ்கிரிப்ட்ல /எம்ஐஆர் இருக்கும். அது ரெண்டு பக்கமும் அச்சா ஒண்ணா இருக்கணும்னு பாக்கும், சோர்ஸ்ல இல்லாதத டெஸ்டினேஷன்ல அழிச்சிரும். சோர்ஸ் பாதையே இல்லன்னா எரர் சொல்லி நின்னுரும், அது பரவால்ல. பாதை இருக்கு ஆனா உள்ள காலின்னா, புதுசா விண்டோஸ் போட்டு அதே பேர்ல ஒரு காலி ஃபோல்டர ஷேர் பண்ணி வச்ச அன்னிக்கு மாதிரி, அது உங்க பழைய கணக்கு அத்தனையும் சத்தமில்லாம அழிச்சிரும், எரர் கூட வராது. அதனாலதான் என் லைன்ல வெறும் /ஈ. எம்ஐஆர் வேணும்னா, சோர்ஸ்ல அடையாளத்துக்கு ஒரு சின்ன ஃபைல் போட்டு வச்சு, அது இருந்தா மட்டும் ஓட்டுன்னு இஃப் எக்ஸிஸ்ட் போடுங்க, மொத தடவ /எல் சேத்து ஓட்டுங்க, எதையும் தொடாம என்ன செய்யப்போகுதுன்னு மட்டும் காட்டும்.

ஃபைல் எல்லாம் இருக்கு ஆனா பேருக்குப் பின்னாடி ஏதோ விநோதமான எக்ஸ்டென்ஷன், எதுவும் தொறக்கல, பணம் கேட்டு ஒரு குறிப்பு இருக்குன்னா ரான்சம்வேர். உடனே ரெண்டு பிசியோட நெட்வொர்க் கேபிளையும் புடுங்குங்க. உள்ள இருந்து இழுக்கணும்னு மேல சொன்னது இதுக்காகத்தான். முன்னாடி பிசிதான் மெயில் தொறக்கறது, பென்டிரைவ் சொருகறது, எல்லாம். அதுக்கு உள்ள பிசியில எழுத உரிமை இருந்தா அதுல வந்த வைரஸுக்கும் அதே உரிமை இருக்கு, பேக்கப்பையும் சேத்துப் பூட்டிரும். உள்ள பிசி வந்து படிச்சு எடுத்துக்கிட்டுப் போனா, உள்ள எதையும் ஷேர் பண்ணாம வச்சிருந்தா, முன்னாடி பிசியில இருந்து அங்கிட்டு போக ஷேர் வழியே இருக்காது.

அப்பயும் கெட்டுப்போன ஃபைல ஸ்கிரிப்ட் நல்லதுன்னு நெனச்சு இழுத்து நேத்தத்து மேல எழுதிரும், அதுக்குக் கிழமைக்கு ஒரு ஃபோல்டரா ஏழு வைங்க. கிழமை பேர எடுக்க டேட் வேரியபிள வெட்டி ஒட்டாதீங்க, யூசருக்கு யூசர் ரீஜியன் செட்டிங் மாறுனா அதோட வடிவமும் மாறிரும். பவர்ஷெல்ல கெட்-டேட் எடுத்து டேஆஃப்வீக் கேட்டா எந்தப் பிசியிலயும் ஒரே மாதிரி வரும், அத ஃபார் /எஃப் வச்சு வாங்கிக்கங்க, பேட்ச் ஃபைலுக்குள்ள ஃபார் எழுதும்போது பர்சன்டேஜ் குறிய ரெண்டு தடவ போடணும். டேலி பேக்கப், பில்லிங் டேட்டாவுக்கு ஏழு காப்பி வச்சாலும் இடம் பெருசா போகாது, ஸ்டூடியோ வீடியோவுக்கு கட்டுப்படியாகாது, அதுக்கு ஒரே ஃபோல்டர், கூடவே வாரம் ஒருதடவ சொருகி எடுத்துக் கழட்டி வீட்டுக்குக் கொண்டுபோற ஒரு ஹார்ட் டிஸ்க்.

இதெல்லாம் போட்டு முடிச்ச அன்னிக்கே உள்ள பிசியில டேலியத் தொறந்து, நேத்து ராத்திரி பேக்கப்ப ரீஸ்டோர் பண்ணி, கடைசி பில் நம்பர் முன்னாடி பிசியில இருக்கறதோட ஒத்துப்போகுதான்னு கடைக்காரரயே பக்கத்துல உக்கார வச்சுப் பாக்கச் சொல்லுங்க. ஒத்துப்போகலன்னா லாக்க தொறந்து, மேல எந்த அறிகுறியோ அங்க இருந்து ஆரம்பிங்க.